ஜூன் 15-க்கு முன்னும் பின்னும்: அமெரிக்கக் கல்லூரி அணியில் இடம் தேடும் குடும்பங்களுக்கு

என் மகள் பத்தாம் வகுப்பை முடித்த ஜூலையில், ஒரு பல்கலைக்கழகம் நடத்திய மூன்று நாள் டென்னிஸ் முகாமுக்கு 700 டாலர் கட்டி அனுப்பினோம். கடைசி நாள் மாலை அங்கிருந்த பயிற்சியாளர் அவளிடம், "உன்னைப் போன்ற ஆட்டக்காரர்கள்தான் எங்களுக்கு வேண்டும்" என்றார். அன்றிரவே கரூருக்குத் தொலைபேசியில் சொன்னோம். பொழுது விடிவதற்குள் என் மாமியார் தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்: பேத்திக்கு அமெரிக்காவில் விளையாட்டுக் கோட்டாவில் சீட் கிடைத்துவிட்டதாம்.

அந்த நினைப்பில் மற்றக் கல்லூரிகளுக்கு எழுதுவதை நிறுத்திவிட்டோம். நான்கு மாதம் போனது. என் மகளின் ஆண்டுக்கு அந்த அணியில் இருந்த இரண்டு இடங்களும் நிரம்பிவிட்டன என்பது, அந்த இடங்களைப் பிடித்த இரண்டு பெண்களின் இன்ஸ்டாகிராம் பக்கத்தைப் பார்த்துத்தான் தெரிந்தது. பயிற்சியாளர் பொய் சொல்லவில்லை. அதே வாசகத்தை முகாமில் பாதிப் பேரிடம் சொல்லியிருக்கிறார். அதை ஆஃபர் என்று எடுத்துக்கொண்டது நாங்கள்.

பிறகு விழித்துக்கொண்டு, விழுந்து எழுந்து, ஒரு வழியாக அவளுக்குப் பொருத்தமான இடம் கிடைத்தது. அந்த ஒன்றரை ஆண்டில் கற்றதை வரிசையாக எழுதுகிறேன். எங்கள் வீடு வட கரோலினாவின் கேரியில், விளையாட்டு டென்னிஸ், அப்போது எங்கள் குடும்பம் எச்-1பி என்ற வேலை விசாவிலும், அதை வைத்திருப்பவரின் துணைக்கும் பிள்ளைகளுக்குமான எச்-4 விசாவிலும் இருந்தது. உங்கள் பிள்ளை நீச்சலோ ஓட்டமோ என்றால் சில தேதிகள் மாறலாம், வழிமுறை பெரும்பாலும் இதுதான்.

1. "கோட்டா" என்ற சொல்லை மறந்துவிடுங்கள்

தமிழ்நாட்டில் விளையாட்டு ஒதுக்கீடு என்றால் சான்றிதழ்களைச் சேர்த்து விண்ணப்பிப்போம், மதிப்பெண் போட்டுத் தரவரிசை வெளியிடுவார்கள், கலந்தாய்வுக்கு அழைப்பார்கள். இங்கே அப்படிப்பட்ட பட்டியலே கிடையாது. ஒவ்வொரு அணிக்கும் ஒரு தலைமைப் பயிற்சியாளர்; அவர் மனத்தில் ஒரு பட்டியல். அதில் உங்கள் பிள்ளையின் பெயர் ஏற வேண்டும். எந்தக் கோப்பைக்கும் தனி மதிப்பெண் இல்லை. நான் ஆசையாகக் கோப்பில் போட்டு வைத்திருந்த நாற்பது சான்றிதழ்களை ஒருவர்கூடக் கேட்கவில்லை.

கல்லூரிகள் எந்தப் பிரிவில் இருக்கின்றன என்பதைப் பொறுத்துப் பணம் மாறும். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் பெரிய அமைப்பான என்சிஏஏவில் மூன்று டிவிஷன்கள். முதல் இரண்டில் விளையாட்டு உதவித்தொகை உண்டு. டிவிஷன் 3 கல்லூரிகளில் விளையாட்டுக்கென ஒரு டாலர்கூடக் கிடையாது. படிப்புக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவி மட்டும். ஹார்வர்ட், யேல் உள்ளிட்ட எட்டு ஐவி லீக் பல்கலைக்கழகங்கள் டிவிஷன் 1-இல் ஆடினாலும் விளையாட்டு உதவித்தொகை தருவதில்லை. "ஐவியில் ஃபுல் ஸ்காலர்ஷிப்" என்று யாராவது கோயில் வாசலில் சொன்னால் தலையாட்டிவிட்டு நகருங்கள். அது வருமானத்தைப் பார்த்துக் கொடுத்த உதவியாக இருக்கும்.

இவை தவிர என்ஏஐஏ என்ற தனி அமைப்பும், இரண்டாண்டு ஜூனியர் கல்லூரிகளும் உள்ளன. இவற்றை இளக்காரமாகப் பார்க்க வேண்டாம். மதுரையைச் சேர்ந்த தக்ஷிணேஸ்வர் சுரேஷ் முதலில் ஆடியது ஜார்ஜியா குவினெட் என்ற என்ஏஐஏ கல்லூரியில். அங்கிருந்து வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். 2025-இல் அந்த அணி டிவிஷன் 1 ஆண்கள் பட்டத்தை வென்றது.

ஒரு கணக்கையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உயர்நிலைப் பள்ளியில் விளையாடும் பிள்ளைகளில் விளையாட்டு உதவித்தொகை பெறுவோர் நூற்றுக்கு ஏறத்தாழ இரண்டு பேர் என்று என்சிஏஏவே சொல்லி வந்திருக்கிறது. அந்த இருவரிலும் பலருக்குக் கிடைப்பது முழுத்தொகை அல்ல.

இப்போது ஒரு பெரிய மாற்றம். கல்லூரி ஆட்டக்காரர்கள் என்சிஏஏ மீது தொடுத்த ஹவுஸ் வழக்கில் 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகளுக்கு உதவித்தொகை எண்ணிக்கையில் வரம்பு நீங்கியது. அதற்குப் பதில் அணியில் எத்தனை பேர் இருக்கலாம் என்பதற்கு வரம்பு வந்தது. டென்னிஸுக்குப் பத்துப் பேர். முன்பு பெண்கள் அணிக்கு 8 முழு உதவித்தொகை, ஆண்கள் அணிக்கு நாலரை. இன்று பத்துப் பேருக்கும் கொடுக்க விதி இடம் தருகிறது. கொடுக்கப் பணம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி. "உதவித்தொகை வேண்டாம், அணியில் ஓர் ஓரமாக இருந்துகொள்கிறேன்" என்று சேரும் வழி மட்டும் நிச்சயமாகக் குறுகிவிட்டது. பழைய வழிகாட்டிகளில் இருக்கும் எண்களை நம்ப வேண்டாம்.

2. விசா நிலையை ஒரு தாளில் எழுதுங்கள்

இதை நாங்கள் கடைசியில் செய்தோம். முதலில் செய்திருக்க வேண்டும்.

விளையாட்டு உதவித்தொகை பெற எச்-4 விசா தடையல்ல. கல்லூரி தன் பணத்தைத் தருகிறது, அவ்வளவுதான். ஆனால் ஃபாஃப்சா படிவத்தின் வழியே வரும் மத்திய அரசு உதவி குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் உண்டு. எச்-4 பிள்ளைகளுக்குக் கிடையாது. தனியார் கல்லூரிகள் பல, உதவித்தொகை விஷயத்தில் எச்-4 மாணவரை வெளிநாட்டு விண்ணப்பதாரராகவே நடத்துகின்றன. பன்னிரண்டு ஆண்டுகள் இங்கேயே படித்த பிள்ளையாயிற்றே என்ற நியாயம் அங்கே எடுபடாது. ஒவ்வொரு கல்லூரியின் நிதி உதவி அலுவலகத்துக்கும் தனித்தனியாக எழுதிக் கேளுங்கள்; பதிலை மின்னஞ்சலாக வாங்கி வையுங்கள். பயிற்சியாளருக்கு இது தெரியாது. தெரிந்ததுபோல் பேசுவார்.

அடுத்தது இருபத்தோரு வயது. பிள்ளை 21-ஐ எட்டும்போது எச்-4 முடிந்துவிடும். எஃப்-1 என்ற மாணவர் விசாவுக்கு மாற வேண்டும். பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில் அது வரும். மாநிலப் பல்கலைக்கழகம் என்றால், விசா மாறிய பிறகும் உள்ளூர் மாணவர் கட்டணம் தொடருமா என்று இப்போதே கேளுங்கள். சில மாநிலங்களில் அந்த ஒரு மாற்றத்தால் கட்டணம் இரு மடங்குக்கு மேல் போகும்.

மூன்றாவது, பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து விளையாட்டு மாணவர்கள் சம்பாதிப்பது. 2021 ஜூலையிலிருந்து இதற்கு அனுமதி உண்டு. எச்-4, எஃப்-1 பிள்ளைகள் விஷயத்தில் அது வேலை செய்து சம்பாதித்ததாகக் கருதப்படும் ஆபத்து இருக்கிறது. உள்ளூர் ராக்கெட் கடைக்காரர் இன்ஸ்டாகிராமில் ஒரு படம் போட 200 டாலர் தருகிறேன் என்றாலும், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் வாங்காதீர்கள். 200 டாலருக்காக கிரீன் கார்டு வரிசையைப் பணயம் வைக்க முடியாது.

3. ஒன்பதாம் வகுப்பிலேயே 16 பாடங்களை எண்ணுங்கள்

டிவிஷன் 1-இல் ஆட 16 அடிப்படைப் பாடங்கள் வேண்டும்: ஆங்கிலம் நான்கு ஆண்டு, கணிதம் மூன்று, அறிவியல் இரண்டு, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றில் கூடுதலாக ஓர் ஆண்டு, சமூக அறிவியல் இரண்டு, மீதி நான்கு வேற்று மொழி போன்றவற்றில். இந்தப் பாடங்களில் மட்டும் ஜிபிஏ, அதாவது நான்குக்குக் கணக்கிடும் சராசரி மதிப்பெண், 2.3 இருந்தால் போதும். டிவிஷன் 2-க்கு 2.2. நம் வீடுகளில் 3.8 எடுத்தால் ஏன் 4 இல்லை என்று கேட்கும் வழக்கம் இருப்பதால், இதைப் படித்துச் சிரிப்பீர்கள். நானும் சிரித்தேன். மதிப்பெண்ணில் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. பாடத்தின் பெயரில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஒவ்வொரு பள்ளிக்கும் என்சிஏஏ ஏற்ற பாடங்களின் பட்டியல் ஒன்று உண்டு. என்சிஏஏ தளத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். என் மகள் கோடையில் இணையவழியில் முடித்த ஒரு பாடம் அதில் இல்லை. பாடத் தேர்வுக்கு வழிகாட்டும் பள்ளி கவுன்சிலரிடம் கேட்டால் "எல்லாம் சரியாக இருக்கிறது" என்றார். ஊரில் கவுன்சிலர் என்றால் வார்டு கவுன்சிலர். குழாயில் தண்ணீர் வராவிட்டால் நாமே போய் நிற்போம். இங்கும் அப்படித்தான் நிற்க வேண்டும். பட்டியலை அச்சடித்துக் கையில் கொண்டுபோய், ஒவ்வொரு பாடத்துக்கும் நேரே டிக் போட்டு வாங்குங்கள்.

இரண்டு பொறிகள். பதினாறில் பத்துப் பாடங்களைப் பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கும் முன் முடித்திருக்க வேண்டும். அவற்றில் ஏழு ஆங்கிலம், கணிதம், அறிவியலாக இருக்க வேண்டும். அந்தப் பத்தையும் பின்னால் திரும்ப எழுதி மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள முடியாது. இன்னொன்று, ஒன்பதாம் வகுப்பையோ பத்தாம் வகுப்பையோ இந்தியாவில் முடித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்கு: அந்த ஆண்டுகளின் மதிப்பெண் பட்டியலும் தேவை. பழைய பள்ளியிலிருந்து முத்திரையுடன் வாங்க மாதங்கள் ஆகலாம். தாத்தாவை இரண்டு முறை அலைய வைக்க நேரிடும். முதல் முறை தலைமையாசிரியர் விடுப்பில் இருப்பார்.

தகுதியைச் சரிபார்க்கும் என்சிஏஏ மையத்தில் இலவசக் கணக்கைப் பத்தாம் வகுப்பில் தொடங்கிவிடலாம். கட்டணக் கணக்கும் உண்டு; வெளிநாட்டில் படித்தவருக்கு அதன் கட்டணம் கூடுதல். டிவிஷன் 1 அல்லது 2 பயிற்சியாளர் உண்மையாகவே ஆர்வம் காட்டும் வரை அதற்குப் பணம் கட்ட அவசரமில்லை.

எஸ்ஏடி என்ற கல்லூரிச் சேர்க்கைத் தேர்வை என்சிஏஏ 2023-இலிருந்து கேட்பதில்லை. கல்லூரி கேட்கும். எம்ஐடி, டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்ட் ஆகியவை மீண்டும் கட்டாயமாக்கிவிட்டன. பதினொன்றாம் வகுப்பு மார்ச்சுக்குள் ஒரு நல்ல மதிப்பெண் கையில் இருந்தால், பயிற்சியாளருக்கு நீங்கள் வேலை மிச்சம் செய்கிறீர்கள்.

4. பிள்ளையின் அளவைப் பயிற்சியாளரின் கண்ணால் பாருங்கள்

டென்னிஸில் ஆட்டத் திறனை அளக்கும் யூடிஆர் என்ற எண்தான் பொது மொழி, 1-இலிருந்து 16.5 வரை. நீச்சலுக்கும் ஓட்டத்துக்கும் கடிகாரம் இருக்கிறது. கால்பந்து, கூடைப்பந்து போன்றவற்றில் இப்படி ஒற்றை எண் இல்லாததால் காணொளிக்கும் முகாமுக்கும் எடை கூடும்.

கல்லூரி டென்னிஸ் ஆட்டத்தில் ஆறு ஒற்றையர், மூன்று இரட்டையர். ஆகவே ஓர் அணியின் முதல் ஆட்டக்காரரோடு உங்கள் பிள்ளையை ஒப்பிட வேண்டாம். ஐந்தாவது, ஆறாவது இடத்தில் ஆடுபவரின் யூடிஆரைப் பாருங்கள். உங்கள் பிள்ளை அதற்குப் பக்கத்தில் இருந்தால் எழுதுங்கள். ஒன்றரைப் புள்ளி கீழே இருந்தால் முகாமுக்கு மட்டும்தான் கூப்பிடுவார்கள், காசு வாங்கிக்கொண்டு.

பிறகு அணிப் பட்டியலைத் திறந்து, உங்கள் பிள்ளை சேரும் ஆண்டில் யார் யார் படிப்பை முடித்து வெளியேறுவார்கள் என்று எண்ணுங்கள். மூன்று பேர் வெளியேறினால் மூன்று இடம் என்று நினைக்காதீர்கள். வேறு கல்லூரியிலிருந்து மாறி வரும் இருபது வயதுக்காரர்களையும் பயிற்சியாளர் எடுப்பார். டிவிஷன் 1 ஆண்கள் டென்னிஸில் பாதிக்கும் மேல் வெளிநாட்டு ஆட்டக்காரர்கள். பதினேழு வயதுப் பிள்ளை போட்டியிடுவது பக்கத்துப் பள்ளிப் பிள்ளையோடு மட்டுமல்ல. ஸ்பெயினில் தொழில்முறைப் போட்டிகளில் ஆடிப் பழகிய ஆளோடும்தான்.

இதையெல்லாம் ஒரு எக்செல் தாளில் போட்டோம். 110 கல்லூரிகளில் தொடங்கி 46-க்கு வந்தது. என் கணவருக்கு இந்த வேலை மிகவும் பிடித்திருந்தது. இதை மட்டும் அவரிடம் கொடுத்தேன். ஏன் என்பது அடுத்த படியில்.

5. மடலைப் பிள்ளை எழுத வேண்டும்

என் கணவர் மகளின் பெயரில் எழுதிய முதல் மடல், வங்கி மேலாளருக்குக் கடன் கேட்டு எழுதிய விண்ணப்பம்போல் இருந்தது. "தங்களின் மேலான கவனத்துக்கு" என்ற தொனி. முப்பது பேருக்குப் போனது. ஒருவர் பதில் எழுதினார், அதுவும் முகாம் விளம்பரம்.

மகளே எழுதியபோது எட்டு வரிகளில் முடிந்தது. பொருள் வரியில் பெயர், பள்ளி முடிக்கும் ஆண்டு, யூடிஆர், ஊர். உள்ளே, அந்தக் கல்லூரியை ஏன் பார்க்கிறாள் என்று ஒரு வரி. வெட்டி ஒட்டினால் தெரிந்துவிடும். ஜிபிஏ, எஸ்ஏடி. சமீபத்திய இரண்டு முடிவுகள். அடுத்த மூன்று போட்டிகளின் தேதியும் ஊரும். காணொளி இணைப்பு. தலைமைப் பயிற்சியாளருக்கும் துணைப் பயிற்சியாளருக்கும் சேர்த்து அனுப்பினாள். முதலில் படிப்பவர் பெரும்பாலும் துணைப் பயிற்சியாளர்தான். ஆறு வாரத்துக்கு ஒரு முறை புதிய முடிவுகளோடு மறுபடியும்.

காணொளிக்குச் செலவே வேண்டாம். மைதான வேலியில் கைப்பேசியை மாட்டினால் போதும். நான்கைந்து நிமிடம், முதலில் அடிகள், பிறகு வெட்டாமல் சில கேம்கள், தோற்ற புள்ளிகளும் உள்ளபடி. பின்னணி இசை போட்டு, மெதுவோட்டத்தில் வெற்றிப் புள்ளிகளை மட்டும் கோத்த எங்கள் முதல் காணொளியை ஒரு பயிற்சியாளர் பாதியில் நிறுத்திவிட்டு, "ஒரு முழு செட் இருந்தால் அனுப்பு" என்று எழுதினார்.

பணம் வாங்கிக்கொண்டு இதையெல்லாம் செய்து தருவதாக வரும் சேவை நிறுவனங்களைப் பற்றி ஒரு சொல். நாங்கள் ஒன்றுக்கு 2,800 டாலர் கட்டினோம். எங்கள் பிள்ளையின் விவரத்தை நூற்றுக்கணக்கான பயிற்சியாளர்களுக்கு மொத்தமாக அனுப்பினார்கள். அதனால் வந்த உருப்படியான பதில் சுழியம். எதைச் செய்வது என்றே தெரியாத குடும்பத்துக்கு, மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் அனுபவமுள்ள ஆலோசகர் ஒருவர் உதவலாம். "டிவிஷன் 1 இடம் உறுதி" என்பவரிடம் பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். அந்த உறுதியைத் தரக்கூடியவர் பயிற்சியாளர் ஒருவரே.

6. ஜூன் 15

டென்னிஸ் உள்ளிட்ட பெரும்பாலான விளையாட்டுகளில், பத்தாம் வகுப்பு முடிந்த ஜூன் 15-க்கு முன் டிவிஷன் 1 பயிற்சியாளர் உங்கள் பிள்ளையோடு சேர்க்கை பற்றிப் பேசவோ எழுதவோ கூடாது. முன்பே நீங்கள் எழுதலாம். பதில் வராவிட்டால் மனம் உடைய வேண்டாம், விதி அப்படி. முகாம் அறிவிப்பும் விவரப் படிவமும் மட்டும் அனுப்புவார்கள். சாஃப்ட்பால், லக்ரோஸ் போன்றவற்றுக்குப் பதினொன்றாம் வகுப்பு செப்டம்பர் 1. டிவிஷன் 3-க்கு இந்தக் கட்டுப்பாடு தளர்வு. எப்போது வேண்டுமானாலும் தொலைபேசியில் பேசலாம்.

ஆகவே மே மாதக் கடைசியில் எல்லாருக்கும் ஒரு புதிய மடல் போக வேண்டும். ஜூன் 15 அன்று தொலைபேசி ஓயாமல் அடிக்கும் பிள்ளைகள் நாட்டில் சிலர். எங்கள் வீட்டில் அன்று மாலை வரை ஒன்றும் அடிக்கவில்லை. அடித்தது பல் மருத்துவமனை. மறுநாளிலிருந்து வார இறுதிக்குள் ஐந்து மடல்கள் வந்தன.

தொலைபேசி வந்தால் நீங்கள் அறையை விட்டு வெளியே போய்விடுங்கள். பக்கத்தில் உட்கார்ந்து சைகை காட்டுவது மறுமுனையில் கேட்கும். நான் காட்டினேன்; கேட்டது.

7. நேரில் போய்ப் பார்ப்பது

உங்கள் செலவில் போய்ப் பார்ப்பதற்கு எண்ணிக்கை வரம்பு இல்லை. கல்லூரி செலவில் அழைக்கும் பயணம், டிவிஷன் 1-இல் பதினொன்றாம் வகுப்பு தொடங்கும் முன் வரும் ஆகஸ்ட் 1-இலிருந்து; டிவிஷன் 3-இல் பதினொன்றாம் வகுப்பு ஜனவரி 1-இலிருந்து. ஐந்து கல்லூரிக்கு மேல் இப்படிப் போகக் கூடாது என்றிருந்த பழைய வரம்பு 2023-இல் நீங்கியது. ஒரு கல்லூரிக்கு ஒரு முறை என்பது பொது விதி.

பயணச் சீட்டு எடுத்துக் கொடுத்து அழைப்பதுதான் நிஜமான ஆர்வத்தின் முதல் அடையாளம். "இந்தப் பக்கம் வந்தால் எட்டிப் பார்" என்பது நம் ஊரில் தெருவில் பார்த்தவரிடம் "வீட்டுக்கு வாங்க" என்று சொல்வதற்குச் சமம்.

அங்கே அணியின் பிள்ளைகளோடு தங்க வைப்பார்கள். அவர்களிடம் உங்கள் பிள்ளை தனியாகக் கேட்க வேண்டியவை: காயம் பட்டபோது பயிற்சியாளர் எப்படி நடத்தினார், போன ஆண்டு எத்தனை பேர் அணியை விட்டுப் போனார்கள், பொறியியலோ உயிரியலோ படிப்பவர் யாராவது அணியில் உண்டா. மதியம் ஆய்வக வகுப்பும் பயிற்சியும் மோதும் கல்லூரிகளில் பாடத்தை மாற்றச் சொல்வார்கள். அதை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. உணவையும் பாருங்கள். என் மகள் சைவம். ஓரிடத்தில் இரண்டு நாளும் பீட்சா.

8. ஆஃபர் என்றால் எண் இருக்க வேண்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் படிப்பதானால் இதைப் படியுங்கள். பாராட்டைக் கேட்டதும் நம்மவர்கள் மேற்கொண்டு கேட்கக் கூச்சப்படுவோம். பெண் பார்க்க வந்தவரிடம் சம்பளம் கேட்பதுபோல் உணர்வோம். அதைக்கூட நாம் கேட்டுவிடுகிறோமே; இதையும் கேளுங்கள்.

பிள்ளை கேட்க வேண்டியவை: என் ஆண்டில் எத்தனை பேரை எடுக்கிறீர்கள்? உங்கள் பட்டியலில் நான் எத்தனையாவது? எந்த இடத்தில் ஆடுவேன் என்று நினைக்கிறீர்கள்? எந்தத் தேதிக்குள் முடிவு சொல்ல வேண்டும்? நல்ல பயிற்சியாளர்கள் நேராகப் பதில் சொல்வார்கள். "நீ மூன்றாவது, எனக்கு இடம் இரண்டு" என்று ஒருவர் சொன்னார். அழுகை வந்தது, ஆனால் அவர்தான் எங்கள் நேரத்தை மிச்சப்படுத்தியவர்.

பணப் பேச்சு வந்தால் அது உங்கள் வேலை. "50 விழுக்காடு" என்றால் எதில் ஐம்பது? கல்விக் கட்டணம் 60,000, விடுதியும் உணவும் சேர்த்து மொத்தம் 80,000 என்று வைத்துக்கொள்வோம். கட்டணத்தில் பாதி 30,000. மொத்தத்தில் பாதி 40,000. நான்கு ஆண்டில் வித்தியாசம் 40,000 டாலர். ஓர் ஆண்டுக்கா, நான்கு ஆண்டுக்கா? ஆண்டுதோறும் கட்டணம் ஏறும்போது உதவியும் ஏறுமா? காயம் பட்டு ஆட முடியாவிட்டால்? பயிற்சியாளர் வேலை மாறிப் போனால்? படிப்புக்கான உதவித்தொகையோடு இது சேருமா? விடுதிக்கும் உணவுக்கும் போகும் உதவித்தொகைப் பகுதிக்கு வருமான வரி உண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

பேசி முடித்ததும் அன்றே, "நீங்கள் சொன்னதை நான் புரிந்துகொண்டது இது" என்று பிள்ளை ஒரு மடல் அனுப்பட்டும். பதில் வந்தால் எழுத்தில் இருக்கிறது. வராவிட்டால் அதுவும் ஒரு பதில்தான். வாய்மொழிச் சம்மதம் எந்தத் தரப்பையும் கட்டுப்படுத்தாது.

9. ப்ரீ-ரீடும் எர்லி டிசிஷனும்

டிவிஷன் 3 கல்லூரிகளிலும் ஐவியிலும் பயிற்சியாளர் விரும்பினால் மட்டும் போதாது. சேர்க்கை அலுவலகம் ஒப்ப வேண்டும். அதற்கான முன்னோட்டப் பார்வைதான் ப்ரீ-ரீட். பதினொன்றாம் வகுப்பு முடிந்த ஜூலை 1-ஐ ஒட்டித் தொடங்கும். ஜூன் கடைசியிலேயே தயாராக வைக்க வேண்டியவை: பதினொன்று வரையிலான மதிப்பெண் பட்டியல், எஸ்ஏடி அல்லது அதைப் போன்ற ஏசிடி தேர்வின் மதிப்பெண், பன்னிரண்டாம் வகுப்பில் எடுக்கப்போகும் பாடங்கள், பள்ளியின் அறிமுகத் தாள். பள்ளி ஜூலையில் மூடியிருக்கும். மதிப்பெண் பட்டியலைக் கடைசி வேலை நாளுக்கு முன்பே கேட்டு வாங்குங்கள். நாங்கள் ஒரு வாரம் பிந்தினோம், பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பினோம்.

ப்ரீ-ரீட் நன்றாக வந்தது என்பது சேர்க்கை அல்ல. பயிற்சியாளர் தன் முழு ஆதரவைத் தருகிறாரா, அப்படி ஆதரவு பெற்றவர்களில் கடந்த சில ஆண்டுகளில் எத்தனை பேருக்கு இடம் மறுக்கப்பட்டது என்று கேளுங்கள். நிதி உதவிக்கும் தனியாக முன்மதிப்பீடு கேட்கலாம்; பல கல்லூரிகள் செய்து தரும்.

அந்த நிதி முன்மதிப்பீடு இல்லாமல், எர்லி டிசிஷன் என்ற முன்கூட்டிய விண்ணப்பத்தைப் போடாதீர்கள். நவம்பர் 1 வாக்கில் அதற்குக் கடைசி நாள். ஒரே கல்லூரிக்குத்தான் போடலாம். இடம் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும். பயிற்சியாளர் அதைத்தான் கேட்பார். போட்ட பிறகு வேறு கல்லூரியின் தொகையைக் காட்டிப் பேரம் பேச முடியாது. செலவு மிகுந்த தனியார் கல்லூரிகளில் ஆண்டுக்கு மொத்தச் செலவு 90,000 டாலரை எட்டிவிட்ட காலம் இது. எங்கள் மகளுக்குப் படிப்பின் பேரில் ஆண்டுக்கு 28,000 குறைந்தது. அதை ஆகஸ்டில் எழுத்தில் பார்த்த பிறகே விண்ணப்பித்தோம்.

ஐவியில் அக்டோபர் 1-இலிருந்து "லைக்லி லெட்டர்" வரலாம். இடம் பெரும்பாலும் உறுதி என்று சேர்க்கை அலுவலகம் முன்கூட்டியே அனுப்பும் கடிதம் அது. பயிற்சியாளரின் குறுஞ்செய்தி எவ்வளவு இனிமையாக இருந்தாலும் அதற்கு ஈடாகாது.

10. கையெழுத்து

நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் என்ற பழைய ஒப்பந்தம் 2024 அக்டோபரில் ஒழிக்கப்பட்டுவிட்டது. இப்போது கையெழுத்திடுவது உதவித்தொகை ஒப்பந்தத்தில். எட்டாவது படியில் கேட்ட ஒவ்வொரு எண்ணும் அதில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பேனாவை எடுங்கள். பள்ளி நூலகத்தில் கல்லூரியின் தொப்பி போட்டு, கையெழுத்திடுவதுபோல் எடுக்கும் படத்துக்கு அவசரம் இல்லை.

11. சேர்ந்த பிறகு வரும் தாள்கள்

சேராமல் விட்ட மற்ற அணிகளின் பயிற்சியாளர்களுக்குப் பிள்ளை இரண்டு வரி நன்றி எழுதட்டும். அணி மாறும் நிலை வந்தால் அதே ஆட்களிடம்தான் போக வேண்டியிருக்கும்.

டிவிஷன் 1, 2 என்றால் ஏப்ரல் 1-க்குப் பிறகு என்சிஏஏ கணக்கில் தொழில்முறையில் ஆடவில்லை என்ற இறுதிச் சான்றைக் கோர வேண்டும். பள்ளி முடிந்ததும் இறுதி மதிப்பெண் பட்டியலைப் பள்ளியே நேரடியாக அனுப்ப வேண்டும். நீங்கள் அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

கடைசியாக மருத்துவத் தாள்கள். அதில் சிக்கிள் செல் என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டுக்கான பரிசோதனை முடிவு கேட்பார்கள். அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளுக்குப் பிறந்த உடனே செய்த பரிசோதனை மருத்துவமனைப் பதிவில் இருக்கும். என் மகள் பிறந்தது கோயம்புத்தூரில். அப்படி ஒரு பதிவே இல்லை. ஆகஸ்டில், பயிற்சி தொடங்க நான்கு நாள் இருக்கும்போது இது தெரிந்தது. முடிவு வரும்வரை மற்றவர்கள் ஆட, அவள் மைதான ஓரத்தில் பந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். ஜூனிலேயே இரத்தம் கொடுத்து, முடிவை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.